கத்தச் சோறு போகாத வீடு

லெய்லாவுக்குக் கடல் போல மனசு என்று பாலாவிப் பக்கம் யாராவது சொன்னால் கேட்டுவிட்டுப் பேசாமல் வந்துவிடுங்கள். அவளிடம் போய் அதைச் சொல்ல வேண்டாம். முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விடுவாள். தன் மனசில் கிடப்பது என்னவென்று அவளுக்குத் தெரியும். அது பொறாமை. இருபத்திரண்டு வருடம் ஊட்டி வளர்த்த, நல்ல தடித்த பொறாமை.

அவள் மன்னாரில் பிறந்தவள். தொண்ணூறாம் ஆண்டு யுத்தத்தில் முஸ்லிம்களையெல்லாம் ஊரைவிட்டு விரட்டியபோது, கட்டிய புடவையோடு, மூன்று மாதக் கைக்குழந்தை நஸ்ஹாவைத் தூக்கிக்கொண்டு, கணவன் தாஹிரோடு வள்ளம் ஏறிக் கற்பிட்டிக் கரையில் இறங்கினாள். அதே வள்ளத்தில்தான் உசனாரும் அவன் மனைவி ஸபீனாவும் வந்தார்கள். பாலாவிக்குப் பக்கத்தில் போட்ட முகாமில் இரண்டு குடும்பத்துக்கும் அடுத்தடுத்த குடிசை. நடுவில் ஒரு தென்னோலைக் கிடுகுத் தட்டிதான். அந்தப் பக்கம் நடப்பதெல்லாம் இந்தப் பக்கம் கேட்கும். கேட்டது பெரும்பாலும் அடிதான்.

உசனார் மீன் லொறியில் கூலிக்குப் போகிறவன். வேலை கிடைக்காத நாளில் அவன் கை சும்மா இருக்காது. ஸபீனாவை அவன் பெயர் சொல்லிக் கூப்பிட்டு யாரும் கேட்டதில்லை. ‘ஏய்’ என்பான், அவள் ஓடி வருவாள். பிந்தினால் அதற்கும் அடி. இடது கைச் சின்ன விரலை அவன் முறித்துவிட்டது முகாமுக்கே தெரியும். அது இன்றைக்கும் கோணலாகத்தான் நிற்கிறது.

தொண்ணூற்று நாலாம் ஆண்டு ஒரு வெள்ளிக்கிழமை. தாஹிர் ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்து சோற்றில் கை வைத்து மூன்று வாய் தின்றிருப்பான். தட்டிக்கு அந்தப் பக்கம் ஸபீனா அலறினாள். வழமையான அலறல் இல்லை அது. தாஹிர் நிமிர்ந்தான்.

“அது புருசன் பொண்டாட்டி சண்ட. நீங்க சோத்தத் தின்னுங்க” என்றாள் லெய்லா.

அவன் எழும்பிவிட்டான். கையைக்கூடக் கழுவவில்லை. உசனார் ஸபீனாவின் தலைமயிரைப் பிடித்திருந்தான், மற்றக் கையில் இரும்பு அலவாங்கு. ஓங்கிய கையைத் தாஹிர் பிடிக்கப் போனான். அலவாங்கு அவன் மண்டையில் இறங்கியது. புத்தளம் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே உயிர் போய் மௌத்தாகிவிட்டான். அப்போது அவனுக்கு முப்பத்து மூன்று வயது, லெய்லாவுக்கு இருபத்தெட்டு.

விதவையாக இத்தா இருந்த நாலு மாதம் பத்து நாளும், வெள்ளைப் புடவையோடு அந்தக் குடிசை மூலையில் லெய்லா ஒரே கேள்வியைத்தான் அரைத்துக்கொண்டிருந்தாள். ஏன் எழும்பினான்? நான் இருங்கள் என்று சொன்னேன். அவள் ஒரு சத்தம் போட்டாள். என் பேச்சை விட்டு அவள் சத்தத்துக்குப் போனான். ஊர் வாயும் சும்மா இருக்கவில்லை. அடுத்தவன் பொண்டாட்டிக்காக ஒருவன் இப்படிப் பாய்வானா என்று குழாயடியில் குசுகுசுத்தார்கள். தாஹிர் அப்படிப்பட்டவன் இல்லை என்று லெய்லாவுக்குத் தெரியும். தெரிந்தும் வயிறு எரிந்தது. அன்றைக்குப் பற்றியது பிறகு அணையவே இல்லை.

வழக்கு நடந்தது. உசனாருக்குத் தூக்கு என்று தீர்ப்பு வந்தது. தூக்கில் போடுவது நாட்டில் நின்றுபோய்ப் பல வருடம் ஆகியிருந்ததால் பிறகு அதை ஆயுள் சிறையாக மாற்றினார்கள். ஆள் கொழும்பு மறியலில் அடைபட்டான். அதோடு ஸபீனாவின் கதை முடிந்தது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். லெய்லாவைக் கேட்டால், அதோடுதான் ஸபீனாவுக்கு வாழ்வே வந்தது என்பாள்.

பின்னே என்ன? உசனார் மறியலில் எழுதப் படிக்கப் பழகினான். மாதம் ஒரு கடிதம் வரும். லெய்லாவும் ஸபீனாவும் பாலாவி உப்பளத்தில் ஒரே கூட்டத்தில் வேலை. ஒருத்தி ஒரு பாத்தியில் என்றால் மற்றவள் அடுத்த பாத்தியில் உப்பு வாருவாள். பேச்சுவார்த்தை இல்லை. ஆனால் தேத்தண்ணி நேரத்தில் ஓலைக் கொட்டிலில் எல்லாப் பெண்களும் சுற்றியிருக்க, ஸபீனா கடிதத்தை விரித்து வாசிப்பாள். ‘என் அன்பு மனைவி ஸபீனாவுக்கு’ என்று தொடங்கும். ‘ஏய்’ என்று கூப்பிட்ட வாய்! ‘உப்பில் நிற்கும்போது காலில் பழைய சொக்ஸ் போட்டுக்கொள், புண் வரும்’ என்று எழுதியிருப்பான். பெண்கள் உச்சுக் கொட்டுவார்கள். லெய்லா கொட்டிலுக்கு வெளியே வெயிலில் நின்று தேத்தண்ணியைக் குடிப்பாள். ஒரு சொல் விடாமல் காதில் விழும்.

மாதக் கடைசியில் ஸபீனா அபாயாவை ஸ்திரிக்கை போட்டு, எலுமிச்சை ஊறுகாயும் பொரித்த கருவாடும் கட்டிக்கொண்டு, பாலாவிச் சந்தியில் கொழும்பு பஸ்ஸுக்கு நிற்பாள். மறுநாள் வேலைக்கு வந்து சொல்லுவாள்: அவர் மெலிந்துவிட்டார். அவருக்கு முன்பல் விழுந்துவிட்டது. அவருக்குத் தாடி நரைத்துவிட்டது. மற்றவர்களுக்கு அது துக்கச் செய்தி. லெய்லாவுக்கு அது தாங்க முடியாத செய்தி. ஸபீனாவின் புருசன் ஸபீனாவோடு சேர்ந்து கிழவனாகிறான். தாஹிருக்கு இன்னும் முப்பத்து மூன்று வயது. அவன் முகத்தில் ஒரு நரை மயிரை வைத்துப் பார்க்க லெய்லா எத்தனையோ தடவை முயன்றிருக்கிறாள். முடியவில்லை. தாஹிரை அடக்கிய மையவாடிக்குப் பொம்பளைகள் போகிற வழக்கமும் அங்கே இல்லை. பஸ்ஸில் போகும்போது மையவாடி மதில் தெரியும். இருபத்திரண்டு வருடமாக அவள் தன் புருசனைப் பார்த்தது அவ்வளவுதான். கொன்றவனைப் பார்க்க மாதம் ஒரு நாள் இருக்கிறது, செத்தவனைப் பார்க்க ஒரு நாளும் இல்லை என்று அவள் தனக்குள்ளே குமைந்தாள்.

அவளால் செய்ய முடிந்தது கத்தம் ஒன்றுதான். தாஹிர் மௌத்தான நாளில் வருடா வருடம் ஆள் கூப்பிட்டுக் குர்ஆன் ஓதி, நெய்ச்சோறும் இறைச்சியும் ஆக்கி, ஒழுங்கையில் உள்ள வீடுகளுக்கெல்லாம் தட்டில் போட்டு மூடிக் கொடுப்பாள். கத்தம் ஓதுவது சரியில்லை என்று சொல்லுகிற மௌலவி ஒருவர் ஊருக்கு வந்த பிறகும் அவள் விடவில்லை. அவள் வீட்டை விட்டால் ஒழுங்கையில் பதினைந்து வீடு. தட்டு பதினாலு வீட்டுக்குத்தான் போகும். ஸபீனா வீட்டு வாசலைத் தாண்டி அடுத்த வீட்டுக்குப் போய்விடும். வாங்கியவர்கள் தட்டைக் கழுவி, வெறுமையாகத் தரக்கூடாது என்று அதில் கொஞ்சம் சீனியோ இரண்டு முட்டையோ போட்டுத் தருவார்கள். வெறுந்தட்டு கொடுப்பது அந்தப் பக்கத்தில் பெரிய மரியாதைக் குறைவு.

யுத்தம் முடிந்து பாதிப் பேர் மன்னாருக்குத் திரும்பிப் போனார்கள். முகாம் கல்வீட்டுக் கிராமமாக மாறியது. இந்த இரண்டு பேரும் போகவில்லை. லெய்லாவுக்கு இங்கே புருசனின் கபுறு இருந்தது. ஸபீனாவுக்கு இங்கேயிருந்துதான் கொழும்பு பஸ் கிட்ட.

அந்த நிலைமையில்தான், இரண்டாயிரத்துப் பதினாறில், கையில் கோப்போடு ஒரு சிங்கள உத்தியோகத்தர் லெய்லா வீட்டுக்கு வந்தார். கூடவே பள்ளிவாசல் நிர்வாகத்திலிருந்து ஜவாஹிர் நானா. கதிரை போட்டு உட்கார வைத்தாள்.

“அம்மா, உசனார் நல்ல ஒழுக்கமா இருக்கிறார். லைசன்ஸ் போட்டு வெளிய விடலாமா எண்டு பாக்கிறாங்க” என்றார் உத்தியோகத்தர், தமிழைத் தேடித் தேடி. “விடுதலை இல்ல. மாதா மாதம் பொலிஸில கையெழுத்து வைக்கணும். பிழை செஞ்சா திரும்ப உள்ள. உங்கட விருப்பத்தையும் எழுதணும். அத மட்டும் வெச்சு முடிவெடுக்கிறதில்ல. ஆனா கட்டாயம் பாப்பாங்க.”

ஜவாஹிர் நானா தொண்டையைச் செருமினார். “தங்கச்சி, போறபோது முப்பத்திரண்டு வயசு. இப்ப ஐம்பத்துநாலு. பல்லும் இல்ல. இனி அவன் ஆரை என்ன செய்யிற? மன்னிக்கிறவங்களுக்கு அல்லாட கூலி பெரிசு.”

“யோசிச்சுச் சொல்லுறன் நானா” என்று மட்டும் லெய்லா சொன்னாள்.

மதுரங்குளியில் கட்டிக்கொடுத்திருந்த நஸ்ஹா செய்தி கேட்டு அன்றைக்கே பஸ் ஏறி வந்தாள். வந்ததும் வராததுமாகக் கத்தினாள்.

“இருவத்திரண்டு வருசம் போதும் எண்டு சொல்ல அவங்க ஆரு? எனக்கு வாப்பாட முகமே ஞாபகமில்ல உம்மா. அவனுக்கு லைசன்ஸ் குடுக்க ஒரு சபை இரிக்கி. வாப்பாவுக்கு அப்பிடி ஒரு சபை இரிக்கா? மாட்டன் எண்டு எழுதிக் குடுங்க.”

“ஓம் மகள்” என்றாள் லெய்லா. அப்படித்தான் எழுதிக் கொடுக்கவும் நினைத்திருந்தாள்.

மறுநாள் உப்பளத்தில் காற்று அடித்துக்கொண்டிருந்தது. ஸபீனா அன்றைக்குக் கடிதம் எதையும் விரிக்கவில்லை. லெய்லாவிடம் வந்து கெஞ்சவும் இல்லை. குனிந்து உப்பைக் கூட்டிக் கூடையில் அள்ளிக்கொண்டிருந்தாள். கூடையைத் தூக்கும்போது அந்தக் கோணல் விரல் தனியே நீட்டிக்கொண்டு நின்றது. லெய்லா அதைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள். தட்டிக்கு அந்தப் பக்கத்துச் சத்தமெல்லாம் அவள் காதுக்குத் திரும்பி வந்தது.

ஊரில் உள்ள புருசன்மாரிலேயே நல்ல புருசன் யார்? உசனார். குடிப்பதில்லை, அடிப்பதில்லை, அன்பு மனைவி என்று எழுதுகிறான். ஏன்? கம்பிக்கு அந்தப் பக்கம் இருக்கிறான். கை எட்டாது. என் புருசனைக் கொன்றுவிட்டுப் போய் உள்ளே இருந்துகொண்டு இவளுக்கு மாப்பிள்ளை வேஷம் போடுகிறான். அந்தக் கை எனக்குத் தெரியும். அது வீட்டுக்கு வரட்டும். ஒரு மாதம் இவளோடு ஒரே கூரையில் இருக்கட்டும். அதற்குப் பிறகு தேத்தண்ணி நேரத்தில் எதை விரித்து வாசிக்கிறாள் என்று பார்ப்போம்.

வேலை முடிந்து நேரே ஜவாஹிர் நானாவின் கடைக்குப் போனாள். “ஓம் எண்டு எழுதுங்க. நான் கையெழுத்து வெக்கிறன்” என்றாள்.

அவர் கண் கலங்கிவிட்டது. வெள்ளிக்கிழமை பள்ளியில் அவள் பெயரைச் சொல்லியே பேசினார்கள். வீடு தேடி வந்து பெண்கள் அவள் கையைப் பிடித்தார்கள். நஸ்ஹா இரண்டு மாதம் தொலைபேசி எடுக்கவில்லை. எல்லாரிலும் லெய்லாவைச் சரியாகக் கோபித்தவள் மகள் ஒருத்திதான். அவளும் வேறு காரணத்துக்காக.

சில மாதம் கழித்து உசனார் வந்து சேர்ந்தான். லெய்லா வெளியே வரவில்லை. ஆனால் மறுநாள் தொடக்கம் உப்பளத்துக்கு ஐந்து நிமிடம் முந்திப் போனாள். ஸபீனா சட்டைக் கையை மடித்து வேலைக்கு இறங்குவதைப் பார்ப்பதற்காக. கையைப் பார்த்தாள், கழுத்தைப் பார்த்தாள், நடையில் நொண்டல் இருக்கிறதா என்று பார்த்தாள். ஒரு கிழமை போயிற்று. ஒரு மாதம் போயிற்று. ஒன்றுமில்லை. ஒரு நாள் ஸபீனாவின் கன்னத்தில் கறுப்பாக ஏதோ தெரிந்தது. லெய்லா கழுத்தை நீட்டிப் பார்த்தாள். ஸபீனா முந்தானையால் துடைத்தாள். அடுப்புக் கரி.

போதாக்குறைக்கு உசனார் மதியச் சாப்பாட்டைத் தூக்குச் சட்டியில் கொண்டுவரத் தொடங்கினான். உப்பளத்து வரம்பில் லெய்லா நிற்பதைக் கண்டால் கிட்ட வரமாட்டான். றோட்டு ஓரத்தில் சட்டியை வைத்துவிட்டுத் திரும்பிவிடுவான். ஸபீனா போய் எடுத்து வருவாள். அவனே சமைத்தது என்று பெண்கள் சொல்லிச் சிரித்தார்கள். லெய்லா தன் ரொட்டித் துண்டை மெல்ல முடியாமல் மென்றாள். தன் கணக்கு பிழைத்துப் போனதை அவளால் பொறுக்க முடியவில்லை. அவனை மாட்டேன் என்று எழுதி உள்ளேயே வைத்திருக்கலாம். ஓம் என்று எழுதி, தன் கையாலேயே கொண்டுபோய் அவளுக்குக் கொடுத்துவிட்டாள்.

கத்தம் வந்தது. இந்த முறை ஒழுங்கை முழுக்க ஒரே எதிர்பார்ப்பு. மன்னித்தவள் தட்டு கொடுப்பாளா, மாட்டாளா? ஜவாஹிர் நானாகூடச் சாடையாக, “இந்த முற பதினஞ்சு தட்டுத்தானே தங்கச்சி” என்று கேட்டுவிட்டுப் போனார். பதினாலு தட்டும் வழமை போலப் போய்ச் சேர்ந்தது. லெய்லா பதினைந்தாவது தட்டில் சோறு போட்டாள். அதை யார் கையிலும் கொடுக்கவில்லை. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தானே தூக்கிப் போனாள். நல்ல எண்ணத்தோடு போகவில்லை. உள்ளே போய்த் தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்றுதான் போனாள். எங்கேயாவது ஒரு உடைந்த பானை, ஒரு பயந்த பார்வை, ஏதாவது ஒன்று இருக்காமலா போகும்?

பின்கதவு திறந்திருந்தது. உசனார் நிலத்தில் குந்தியிருந்து தேங்காய் திருவிக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் எழும்பி, இரண்டு கையையும் தொங்கவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு நின்றான். மறியலில் பெரியவர்கள் வந்தால் நிற்கிற பழக்கம். தாடி முழு வெள்ளை. யாராவது போகச் சொல்லும்வரை அவன் அசையவில்லை. கடைசியில் ஸபீனா வந்து, “நீங்க கிணத்தடிக்குப் போங்க” என்று மெதுவாகச் சொன்ன பிறகுதான் போனான்.

லெய்லாவின் கண் அவளறியாமல் ஸபீனாவின் கைக்குப் போயிற்று.

ஸபீனா இரண்டு சட்டைக் கையையும் முழங்கைக்கு மேலே மடித்து நீட்டினாள். “நல்லாப் பாருங்க ராத்தா. நீங்க ஒவ்வொரு நாளும் பாக்கிறது எனக்குத் தெரியாதா? ஒண்டுமில்ல.”

லெய்லா பார்வையைத் தட்டுக்கு இறக்கினாள்.

“நீங்க எதுக்கு ஓம் எண்டு சொன்ன எண்டும் எனக்குத் தெரியும். ஊருக்குத்தான் தெரியா” என்றாள் ஸபீனா. குரலில் கோபம் இல்லை. “நான் என்ன கேட்டன் தெரியுமா? நீங்க மாட்டன் எண்டு சொல்லணும் எண்டு ரெண்டு ரக்அத் தொழுது துஆ கேட்டன். கம்பிக்கு அங்கால இரிக்கிற மனுஷன எனக்கு நல்லாப் புடிச்சிருந்திச்சி. வெளிய வந்தா என்னாவும் எண்டு ஆருக்குத் தெரியும்? அவர் வந்த அண்டைக்கு அந்த அலவாங்கு மாதிரி சாமான் எல்லாத்தையும் அடுத்த ஊட்டுல கொண்டு குடுத்துட்டுத்தான் கதவத் திறந்தன்.”

“பொறகு?”

“மூணாம் நாள் கறிச்சட்டி என்ட கையால உழுந்து உடஞ்சிட்டு. அவர் எழும்பினார். நான் செவுத்தோட ஒட்டிட்டன். அவர் குந்தியிருந்து ஓட்டுத் துண்டெல்லாம் பொறுக்கினார். பொறுக்கிட்டு, கால்ல குத்திச்சா ஸபீனா எண்டு கேட்டார்.” அவள் கண் நிறைந்தது. “எனக்கே நம்பேலா ராத்தா.”

லெய்லா ஒரு அடி முன்னே வந்தாள். இருபத்திரண்டு வருடம் யாரிடமும் சொல்லாததெல்லாம் ஒரே மூச்சில் வந்தது.

“அந்தக் கையத் தடுக்கத்தான்டி என்ட மனுஷன் வந்தார். சோத்துக் கையோட வந்தார். நான் போகாதீங்க எண்டு சொன்னன், கேக்கல்ல. தடுத்துப்போட்டார் பாத்தியா! அவர் மண்ணுக்குள்ள போய்த்தான் அந்தக் கை நிண்டிருக்கு. அவர்ட உசுரக் குடுத்துத் திருத்தின மனுஷன நீ வெச்சிருக்கிறாய். சமைச்சுத் தாறார், பேர் சொல்லிக் கூப்புடுறார். எனக்கு என்னடி இரிக்கி? மையவாடி மதில்!”

இல்லை என்று ஸபீனா சொல்லுவாள், ஏதாவது சமாதானம் சொல்லுவாள் என்று லெய்லா எதிர்பார்த்தாள். சொல்லியிருந்தால் இன்னும் நாலு வார்த்தை திட்டியிருப்பாள்.

“ஓம் ராத்தா” என்றாள் ஸபீனா. “அது அப்பிடித்தான்.”

வெளியே கிணற்றடியில் வாளிச் சத்தம்கூட இல்லை. அவன் கேட்டுக்கொண்டுதான் நின்றிருக்க வேண்டும்.

ஸபீனா தட்டை வாங்கி, சோற்றைத் தன் சட்டிக்கு மாற்றினாள். ஒரு பருக்கை விடாமல் மாற்றினாள். தட்டைக் கழுவித் துடைத்தாள். பிறகு அலுமாரியைத் திறந்து சீனி டின்னை எடுத்தாள். ஒரு பிடி அள்ளித் தட்டில் போட்டாள். போட்டதைப் பார்த்துவிட்டுத் திருப்பி டின்னுக்குள் கொட்டினாள். பேரீச்சம்பழப் பொட்டலத்தை எடுத்து, பிரிக்காமலே திரும்ப வைத்தாள். குசினியைச் சுற்றுமுற்றும் பார்த்தாள். முட்டை இருந்தது, தேங்காய் இருந்தது, உசனார் திருவிப் பாதியில் விட்ட தேங்காய்ப் பூ இருந்தது. தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு லெய்லாவைப் பார்த்தாள்.

“இதுல எதப் போட்டுத் தார ராத்தா?”

லெய்லா யோசித்துப் பார்த்தாள். உண்மையாகவே யோசித்தாள். தாஹிரின் கத்தத் தட்டுக்கு ஈடாகப் போட அந்த வீட்டில் ஒரு சாமான் இருக்கவில்லை. அந்த ஊரிலும் இருக்கவில்லை.

“சும்மா தா” என்றாள்.

தட்டை வாங்கிக்கொண்டு வாசலால் இறங்கினாள். ஒழுங்கையில் பதினாலு வீட்டுக்காரரும் வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். லெய்லா தட்டை முக்காட்டுக்குள் மறைக்கவில்லை. வெறுந்தட்டு எல்லார் கண்ணுக்கும் தெரிய, நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.